மெல்டன் வீடு யார் பெயரில்?

டொக். டொக், டொக்.

உள்ளறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தபோது டெஸ்ஸி கலேயா சமையலறையில் நின்று தேநீரில் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். பால் கோப்பையைத் தாண்டித் தட்டில் வழிந்தது. பாத்ரூம் எங்கே என்று கேட்டுவிட்டுப் போன மனிதன் பாத்ரூமில் இல்லை. சுவரைத் தட்டிக்கொண்டிருக்கிறான். அதுவும், இறந்துபோன அவள் கணவன் சார்லியின் அறைச் சுவரை!

பால் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடியே போனாள். கீரன் ஹோல்ட் சுவரில் காதை வைத்து நின்றுகொண்டிருந்தான். நாற்பது வயது. நறுக்கென்று வெட்டிய நரைமுடி. முனை கூரான தோல் செருப்பு.

“அங்க என்ன தேடறீங்க?”

அவன் துள்ளித் திரும்பினான். “மன்னிக்கணும், மிஸஸ் கலேயா. பழக்கதோஷம். எந்த வீட்டுக்குப் போனாலும் கை சும்மா இருக்காது. கரையான் அரிச்ச மரம்னா உள்ள வெத்தா கேக்கும். உங்க வீடு நல்லா கெட்டியா இருக்கு.”

“என் வீடு கெட்டியா சொத்தையான்னு உங்களை யாரு கேட்டா? விக்கப்போறேன்னு சொன்னேனா?”

“ஐயோ, இல்லீங்க.”

“அப்போ வாங்கப்போற வீட்டுச் சுவரைத் தட்டுங்க. டீ ஆறுது.”

கூடத்துச் சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த ரெனோ கைதட்டிச் சிரித்தான். “அம்மா திட்டிட்டா! அம்மா எல்லாரையும் திட்டுவா!”

அது உண்மைதான். செயின்ட் ஆல்பன்ஸ் பக்கம் குடியேறிய மால்டாக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டெஸ்ஸி கசாப்புக் கடையில் வாங்கிய இறைச்சியை வீட்டுத் தராசில் மறுபடி போட்டுப் பார்ப்பவள். இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். அவள் வண்டியில் ஒரு பயல்கூட அடுத்தவன் பாஸைக் காட்டி ஏறியதில்லை. ஒருமுறை ஈமச்சடங்குக் காப்பீடு விற்கும் இளைஞன் ஒருவன் போனில் கூப்பிட்டான். “உங்கம்மா நம்பரைக் குடுப்பா. நீ எப்படிப்பட்டவன்னு அவங்களைக் கேட்டுட்டுச் சொல்றேன்” என்றாள். அந்தப் பையனும் அசட்டுத்தனமாகக் கொடுத்துவிட்டான். அவன் அம்மாவும் இவளும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். காப்பீடு மட்டும் வாங்கவில்லை.

இப்படிப்பட்டவள், தன் பணத்தைக் கொண்டு தனக்காக வீடு வாங்கித் தர ஓர் அந்நியனைக் கூலிக்கு அமர்த்தினாள் என்றால், அதற்கு ஒரே ஒரு காரணம்தான். அந்தக் காரணம் சோபாவில் கைதட்டிக்கொண்டிருந்தது.

ரெனோவுக்கு முப்பத்துநாலு வயது. பிறவியிலேயே டவுன் சிண்ட்ரோம். வாரம் நாலு நாள் நாற்றுப் பண்ணை ஒன்றில் தொட்டிகளுக்கு மண் நிரப்பும் வேலை. வாசலில் யார் மணி அடித்தாலும் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொள்வான். மின்சார மீட்டர் பார்க்க வருகிறவனையும் கட்டிப்பிடிப்பான், மதம் மாற்ற வருகிறவனையும் கட்டிப்பிடிப்பான். அவன் பங்குக்கும் சேர்த்துத்தான் டெஸ்ஸி சந்தேகப்பட்டாள். வீட்டில் ஒருவருக்காவது அந்த வேலை வேண்டுமே!

சார்லி கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்தபோது கிடைத்த நஷ்ட ஈடு வங்கியில் கிடந்தது. போன குளிர்காலத்தில் டெஸ்ஸிக்கு நெஞ்சு வலி வந்து, நான்கு நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். கூரையைப் பார்த்துக்கொண்டே ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பிறகு இந்தப் பிள்ளைக்கு யார்? பணத்தை ரெனோ கையில் கொடுத்தால் முதலில் சிரிப்பவனிடம் தூக்கிக் கொடுத்துவிடுவான். ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டால், மாதாமாதம் அவன் சாப்பாட்டுக்கு வழி ஆகும். வீட்டை யாரும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடிவிட முடியாது.

ஆனால் வீட்டு ஏஜென்ட்டுகள் எல்லோரும் விற்கிறவனின் ஆட்கள். வாங்குகிறவனுக்காக நிற்கும் ஏஜென்ட்டும் உண்டு, தேடிப் பார்த்து ஏலத்தில் கேட்டு எடுத்துக் கொடுப்பான், அதற்குக் கூலி வாங்கிக்கொள்வான் என்று மாதா கோயிலில் யாரோ சொன்னார்கள். அப்படி வந்தவன்தான் கீரன். வந்த முதல் நாளே ‘டெஸ்ஸி’ என்று கூப்பிட்டான். “மிஸஸ் கலேயான்னு கூப்பிடுங்க” என்று அப்போதே திருத்தினாள். பார்த்த உடனே பேர் சொல்லிக் கூப்பிடுகிறவன் அடுத்த தடவை பர்ஸைத் திறக்கச் சொல்வான் என்பது அவள் கணக்கு.

ஆறு வாரம் தேடி, மெல்டனில் ஒரு செங்கல் வீட்டைக் கண்டுபிடித்தான். மூன்று படுக்கையறை. ஏற்கெனவே குடியிருக்கும் குடும்பம் வாடகையை ஒழுங்காகக் கட்டுகிறது. டெஸ்ஸி ரெனோவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தாள். குழாயைத் திறந்தாள், மூடினாள். குளியலறைத் தரையில் மண்டியிட்டு மோந்து பார்த்தாள். குறை ஒன்றும் அகப்படவில்லை. அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

“சனிக்கிழமை காலையில ஏலம்” என்று தேநீரை உறிஞ்சியபடி சொன்னான் கீரன். “நாலு லட்சத்து அறுபதாயிரம் டாலர் வரைக்கும் போகலாம்னு சொல்லியிருக்கீங்க. அதுக்கு மேல ஒரு டாலர் போகமாட்டேன். ஒண்ணே ஒண்ணு. நீங்க அங்க வரவேண்டாம்.”

“ஏன் வரக்கூடாது?”

“உங்க முகத்தைப் பார்த்தாலே அந்த வீடு உங்களுக்கு எவ்வளவு அவசியம்னு தெரிஞ்சிடும். விக்கிறவன் ஆளு அதைத்தான் பார்த்துட்டு நிப்பான்.”

அவன் போன பிறகு டெஸ்ஸிக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் பணம், என் வீடு, நான் வரக்கூடாதாம்! விற்கிற ஏஜென்ட்டும் இவனும் ஒரே ஹோட்டலில் காப்பி குடிக்கிறவர்களாக இருந்தால்? கண்ணைக் காட்டி விலையை ஏற்றி, ஆளுக்குப் பாதி பிரித்துக்கொண்டால்?

அவள் ஆறு வயது வரை வளர்ந்த மால்டா கிராமத்தில், மாதா கோயிலின் இரண்டு கோபுரங்களிலும் கடிகாரம் உண்டு. ஒன்று சரியான நேரம் காட்டும். இன்னொன்று வேண்டுமென்றே தப்பான நேரம் காட்டும். பூசை எப்போது என்று சாத்தானுக்குத் தெரியக்கூடாதல்லவா! டெஸ்ஸி அந்த வழியைத்தான் பிடித்தாள். வெளியே காட்ட ஒரு ஆள், உள்ளுக்குள் ஒரு ஆள். கீரன் பாட்டுக்கு ஏலத்தில் நிற்கட்டும். அவனுக்குத் தெரியாமல் நம்முடைய ஆள் ஒருவன் நிற்பான்.

நம்முடைய ஆள் என்றால் வேறு யார்? சார்லியின் தம்பி சல்வுதான்.

சல்வு தங்கமானவன். ரெனோவைத் தோளில் தூக்கி வளர்த்தவன். சூதாட்ட மெஷினில் சொந்த வீட்டைத் தோற்றுவிட்டு, டீர் பார்க்கில் ஓர் ஒற்றை அறையில் வாடகைக்குக் கிடந்தான். ஆனால் அது ஏழு வருஷத்துக்கு முந்தைய கதை. இப்போது திருந்திவிட்டான். எல்லோரையும் சந்தேகப்பட்ட டெஸ்ஸி, சொந்தம் என்றால் மட்டும் தராசை எடுப்பதில்லை.

“கூர் செருப்புக்காரன் ஒருத்தன் நிப்பான். அவன்தான் கீரன்” என்று சொல்லி அனுப்பினாள். “அவன் வாயைத் திறக்காம வீட்டை எவனுக்காவது விட்டுக்குடுத்தான்னா, நீ கேளு. அவன் கேட்டா நீ வாயை மூடிக்க. புரிஞ்சுதா? போனை என் கூடவே லைன்ல வச்சுக்க.”

“நீ இத்தாலி மாஃபியாவுல பொறந்திருக்கணும், டெஸ்” என்று சல்வு சிரித்தான்.

சனிக்கிழமை காலை. டெஸ்ஸி போனைச் சமையலறை மேசைமேல் ஒலிபெருக்கியில் வைத்துவிட்டு இரு கையையும் கோத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் ரெனோ டோஸ்ட் தின்றுகொண்டிருந்தான். போனில் காற்று இரைந்தது. ஏலக்காரரின் குரல் தெருவையே தூக்கியது. யாரோ ஓர் இளம் தம்பதி கேட்டார்கள். வேறொருவர் கேட்டார், விலகினார். தம்பதி மறுபடி கேட்டார்கள். நாலு பதினெட்டு.

“கீரன் என்னடா பண்றான்?”

“ஆடாம அசையாம நிக்கிறான். வேலியைப் பாத்துட்டு நிக்கிறான்.”

“நாலு லட்சத்துப் பதினெட்டாயிரம், ஒருதரம்!” என்றது ஏலக்காரரின் குரல்.

டெஸ்ஸி போனின் மேல் குனிந்தாள். பார்த்தாயா, பார்த்தாயா! விலைபோய்விட்டான். என் பிள்ளையின் வீட்டைக் கண்ணெதிரே தாரை வார்க்கிறான்!

“ரெண்டுதரம்!”

“கேளுடா சல்வு! கேளு!”

“நாலு இருபது!” என்றது சல்வுவின் முரட்டுக் குரல்.

தம்பதி ஏதோ முணுமுணுத்துக்கொண்டு விலகிவிட்டார்கள். பிறகு, பதற்றமே இல்லாத ஒரு குரல் கேட்டது. “நாலு இருபத்தஞ்சு.”

கீரனின் குரல்! எல்லோரும் ஓயட்டும் என்று கடைசிவரை காத்திருந்தவன், இப்போதுதான் வாயைத் திறந்திருக்கிறான்.

“சல்வு, போதும்! நிறுத்து! அவன் நம்மாளு, நமக்காகத்தான் கேக்கிறான்!”

போனில் துணி உரசும் சத்தம். சல்வு கையை உயர்த்துவதற்காகப் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டான் போலிருக்கிறது.

“நாலு முப்பது!” சல்வு.

“நாலு முப்பத்தஞ்சு.” கீரன்.

“நாலு நாப்பது!”

ஒருத்தியின் பணத்துக்காக அவளுடைய இரண்டு ஆட்களும் ஒருவரோடு ஒருவர் மல்லுக்கு நின்றார்கள். டெஸ்ஸி எழுந்து நின்று போனைப் பார்த்துக் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். “டேய் சல்வு! நிறுத்துடா! உன் காலைப் பிடிக்கிறேன், நிறுத்துடா!” ரெனோவும் எழுந்து நின்று, ஏன் என்று தெரியாமலே, “நிறுத்துடா!” என்று கூடக் கத்தினான்.

“நாலு நாப்பத்தஞ்சு” என்றான் கீரன்.

“நாலு நாப்பத்தொம்பது!”

அதன் பிறகு போனில் ஏலக்காரரின் குரல் ரொம்பக் கிட்டத்தில் கேட்டது. “சார், உங்க சட்டைப்பையில இருக்கிற அம்மா உங்களை நிறுத்தச் சொல்றாங்க போலிருக்கே?”

தெரு முழுவதும் சிரித்தது. கீரன் மட்டும் சிரித்திருக்க மாட்டான். அந்தக் குரலை அவனுக்குத் தெரியும். அதற்கப்புறம் அவன் வாயைத் திறக்கவே இல்லை.

ஒருதரம். இரண்டுதரம். முடிந்தது. ஏலத்தில் எடுத்த வீட்டை மறுநாள் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

“டெஸ்! வீடு நம்மளுது!” என்று சல்வு மூச்சு வாங்கினான். “பத்துல ஒரு பங்கு இப்பவே அனுப்பணுமாம். நம்பர் சொல்றேன், எழுதிக்க.” கிட்டத்தட்ட முப்பதாயிரம் டாலர் வீணாகப் போன துக்கத்திலும், வீடு கிடைத்த சந்தோஷத்திலும், டெஸ்ஸி பணத்தை அனுப்பினாள். ரெனோ மேசையைச் சுற்றிச் சுற்றி ஆடினான். தப்பு தன்னுடையது என்று தெரிந்ததால் அவள் எதையும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது.

சாயங்காலம் கீரன் வந்தான். இந்தத் தடவை ரெனோ கட்டிப்பிடித்தபோதுகூட அவன் முகம் இளகவில்லை.

“என்னை நம்பலைன்னா நேரா சொல்லியிருக்கலாம், மிஸஸ் கலேயா.”

“தப்புதான்” என்றாள் டெஸ்ஸி. அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வருவது அபூர்வம்.

“அதை விடுங்க. வாங்கினவர் பேருன்னு ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்கு, தெரியுமா?”

“என் பேரு.”

“சல்வத்தோரே கலேயா. உங்க மச்சினர் பேரு மட்டும்தான். உங்களுக்காகக் கையெழுத்துப் போட என்கிட்ட அதிகாரம் இருக்கு, உங்க பேரைப் போடச் சொன்னேன். ‘நீ யாருடா எனக்குச் சொல்ல, கூர் செருப்பா’ன்னாரு. சொல்லிட்டு, தன் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டாரு.”

டெஸ்ஸி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். “அவனுக்கு இதெல்லாம் தெரியாது. பேரைக் கேட்டிருப்பாங்க, சொல்லியிருப்பான்.”

“இருக்கலாம்.” கீரன் ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தான். “அவருக்குப் பதிலா நீங்கதான் வாங்கறவங்கன்னு அவரே உங்களை நியமிக்கிற தாள் இது. அவரும் போடணும், நீங்களும் போடணும். திங்கக்கிழமை உங்க வக்கீல்கிட்டயும் காட்டிடுங்க.”

டெஸ்ஸி தாளைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள். பேருந்தில் ஏறும் பையன்களைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்த்தாள். “ஊருக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து இந்தக் குளிர்ல வந்திருக்கீங்க. உங்களுக்கு இதுல என்ன லாபம்?”

கீரன் காதைச் சொறிந்தான். “உங்க பேருக்கு வந்தாத்தான் என் கூலி எனக்கு வரும். அவர் பேர்லயே இருந்துட்டா, ஆறு வாரம் சும்மா அலைஞ்சதுதான் மிச்சம்.”

அந்தப் பதிலைக் கேட்டதும் அவளுக்குள் ஏதோ ஒன்று இறங்கி உட்கார்ந்தது. காசுக்காக வந்திருக்கிறான். மறைக்காமல் சொல்லிவிட்டான். இந்த ஆசைக்கு அளவு தெரியும், எல்லை தெரியும். “உட்காருங்க, பிஸ்கட் இருக்கு” என்றாள். அவன் உட்காரவில்லை. சல்வு வரும்போது தான் இருக்க வேண்டாம் என்று சொல்லிக் கிளம்பிவிட்டான்.

அடுத்த அரை மணியில் சல்வு வந்தான். கையில் பஸ்தித்சி என்ற மால்டாப் பலகாரம் சூடாக நிறைந்த பெட்டி. உள்ளே வைத்த ரிக்கோட்டாப் பாலாடைக்கட்டியின் மணம் வாசலிலேயே வந்தது. கக்கத்தில் ஒரு பாட்டில் ஒயின்.

“எங்கடா புது வீட்டுச் சொந்தக்காரன்?” என்று ரெனோவைத் தூக்கிச் சுற்றப் பார்த்தான். முடியவில்லை. இருவரும் சோபாவில் விழுந்து சிரித்தார்கள். டெஸ்ஸிக்கு அந்தச் சிரிப்பைக் கலைக்க மனம் வரவில்லை. ஆனாலும் கேட்டாள்.

“ஏண்டா சல்வு, ஒப்பந்தத்துல என் பேரை ஏன் எழுதல?”

“பேரைக் கேட்டாங்க. என் பேரைத்தானே சொல்லமுடியும்?”

“கீரன் சொன்னானாமே.”

“ஓ! அதுக்குள்ள வந்து வத்தி வச்சிட்டானா?” சல்வு ஒரு பஸ்தித்சியை எடுத்துக் கடித்தான். “இங்க பாரு டெஸ். எழுதினப்போ நான் ஒண்ணும் நினைக்கல. ஆனா வர்ற வழியில யோசிச்சேன். என் பேர்ல இருக்கிறதே நல்லதுதான். உன் பேர்ல இன்னொரு வீடுன்னு தெரிஞ்சா உன் அரசாங்க பென்ஷன்ல கை வச்சிடுவாங்க. உனக்கும் நெஞ்சு சரியில்ல. நாளைக்கே ஒண்ணு ஆச்சுன்னா ரெனோவுக்கு யாரு? நான்தானே? அப்போ வீடு என்கிட்ட இருந்தா என்ன?”

ஒவ்வொரு வார்த்தையும் சரியாக இருந்தது. ஆஸ்பத்திரிக் கூரையைப் பார்த்து அவள் கேட்ட கேள்விக்கு, வேறு யாரும் சொல்லாத பதில். அவள் அழுதுகொண்டே கேட்க ஏங்கிய பதில். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

“நான் நிறுத்துன்னு கத்தினேனே. கேக்கலையா?”

“போன் பையில இருந்துச்சு.”

“தெருவுல நின்னவங்க எல்லாருக்கும் கேட்டுச்சு, சல்வு.”

அவன் மெல்லுவதை நிறுத்தினான். “என்ன சொல்ல வர்ற?”

டெஸ்ஸி தாளையும் பேனாவையும் அவன் முன்னால் நகர்த்தினாள். “கையெழுத்துப் போடு.”

சல்வு படித்தான். படிக்கப் படிக்க அவன் கழுத்து சிவந்தது. “என்னையா? சார்லியோட சவப்பெட்டியைத் தூக்கின தோள் இது. உன் பிள்ளைக்கு மூக்குத் துடைச்ச கை இது. அந்தக் கூலிக்காரன் நல்லவன், நான் திருடனா?”

“அவனையும் நான் நம்பல. உலகத்துல எல்லாரையும் சந்தேகப்பட்டேன். உன்னை மட்டும் விட்டுட்டேன். அது உன் தப்பில்ல, என் தப்பு.”

“சரி, போடறேன். போடமாட்டேன்னா சொன்னேன்?” சல்வு பேனாவை எடுத்தான். கீழே வைத்தான். “ஒரு வாரம் டைம் குடு, டெஸ். ஒரே ஒரு வாரம்.”

“எதுக்கு?”

சல்வு மேசை விரிப்பின் பூவேலையை நகத்தால் சுரண்டினான். ஒரு வாரத்தில் என்ன செய்ய இருந்தான்? வீட்டுப் பத்திரம் தன் பேரில் வருகிறது என்று காட்டி எங்காவது கடன் கேட்டிருந்தானா? பழைய மெஷின் மறுபடி கூப்பிட்டிருந்ததா? இல்லை, வாழ்க்கையில் எல்லாம் இழந்த ஒருவன், ஒரு வாரமாவது ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரன் என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டானா? அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளக் கேட்டால், அவன் அழுவான்; அவன் அழுதால் அவள் தாளைக் கிழித்துவிடுவாள். அதுவும் அவளுக்குத் தெரியும்.

“இப்பவே போடு” என்றாள். குரல் அவளுடையது போலவே இல்லை. “ரெனோவைப் பாத்துக்கிட்டுப் போடு.”

ரெனோ வாயெல்லாம் மாவோடு சித்தப்பனைப் பார்த்துச் சிரித்தான். “சல்வு அங்கிள், நல்லா எழுது. கோட்டுக்கு வெளிய போகாத.”

சல்வு கையெழுத்துப் போட்டான். கடைசி எழுத்தில் பேனா முனை தாளைக் குத்திக் கிழித்தது. அவன் ஒயின் பாட்டிலை எடுக்கவில்லை. கோட்டை மாட்டியபடி வாசலுக்கு நடந்தான். ரெனோ ஓடிப்போய் வழக்கம்போல் கட்டிப்பிடித்தான். சல்வு ரொம்ப நேரம் அவனை விடவில்லை. தோளுக்கு மேலாக டெஸ்ஸியைப் பார்த்த அவன் கண்கள் கலங்கியிருந்தன. அவமானமா, குற்றமா, பாசமா? எத்தனை பையன்களின் முகத்தைக் கண்ணாடியில் படித்தவள்! இந்த ஒரு முகத்தை அவளால் படிக்க முடியவில்லை.

“வரேன்” என்றான் அவன்.

எப்போது என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அவன் படியிறங்கியதும் டெஸ்ஸி ரெனோவை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.